ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக, அட்டெண்டராகத் தங்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்டெண்டர்களுக்கு,

வணக்கம். சென்னையில் சர்ஜரி வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆபரேஷன் ஆனவருக்குக் கிருமித் தொற்று வராமல் பார்த்துக்கொள்வது பற்றிய மடல் இது. இதை நோயாளிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர் பயத்தில் இருப்பார், டாக்டர் சொல்வதில் பாதி அவர் காதில் ஏறாது. ஆபரேஷன் முடிந்த பிறகோ வலி, மயக்கம், தூக்கம். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கஞ்சி ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போவது, போர்வையைச் சரிசெய்வது எல்லாம் நீங்கள்தான். சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.ஹெச். ஆகட்டும், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை ஆகட்டும், ஏசி போட்ட தனியார் ஆஸ்பத்திரி ஆகட்டும், ஒரு நாளில் நோயாளியை அதிகம் தொடுகிற கை உங்களுடையது. டாக்டரும் நாங்களும் அதற்கு அப்புறம்தான்.

தியேட்டருக்குள் நடப்பது டாக்டர் பொறுப்பு. ஆனால் ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அந்த இடத்தில் வரும் தொற்றை ஆபரேஷன் தொற்று என்றே மருத்துவர்கள் கணக்கில் வைப்பார்கள். உள்ளே உலோகப் பிளேட்டோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் இந்தக் கணக்கு 90 நாள்வரை போகும். வார்டில் எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? சின்ன ஓட்டை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால் ஓரிரு நாள், மற்றதெல்லாம் சில நாட்கள். மீதி நாட்கள் வீட்டில்தான். தேதி கிடைத்ததிலிருந்து அட்மிஷன்வரை இருக்கும் வாரங்களும் வீட்டில்தான். அங்கே சிஸ்டரும் கிடையாது, ரவுண்ட்ஸும் கிடையாது.

தேதி கிடைத்ததும் நம் வீடுகளில் முதலில் காலண்டரைப் பார்ப்பார்கள். அஷ்டமியா நவமியா, ராகு காலம் எப்போது என்று. பாருங்கள், தப்பில்லை, மனதுக்கு ஒரு தைரியம் வேண்டும். அப்படியே சுகர் டெஸ்ட்டுக்கும் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். "எங்களுக்குச் சுகர் எல்லாம் இல்லைங்க" என்று சொன்ன பலருக்கு அட்மிஷனில்தான் முதல்முறையாக டெஸ்ட் எடுத்திருப்போம், 250, 300 என்று வந்து நிற்கும். சுகர் ஏறி இருந்தால் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியோடு சரியாகச் சண்டை போடாது, காயமும் சீக்கிரம் கூடாது. ஆபரேஷன் சமயத்தில் ரத்தச் சர்க்கரை 200க்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இது சுகர் இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் பொருந்தும். அதற்காகக் கடைசி இரண்டு நாள் பட்டினி கிடந்து இறக்குவதோ, மாத்திரையை நீங்களாகவே இரண்டாக்குவதோ வேண்டாம். சில வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மெதுவாகக் கொண்டுவர வேண்டிய விஷயம் அது. ஆபரேஷன் அன்று காலையில் எந்த மாத்திரை போடலாம், எது கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பீடி, சிகரெட் குடிப்பவராக இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், தையல் போட்ட இடத்துக்குப் போக வேண்டிய ஆக்ஸிஜன் குறைந்துபோகும். "ஆபரேஷன் முடியட்டும், விட்டுவிடுகிறேன்" என்பதில் அந்த ஆபரேஷனுக்குப் பிரயோஜனம் இல்லை. டீக்கடைவரை போய்வருகிறேன் என்று கிளம்புபவரோடு நீங்களும் கிளம்புங்கள்.

இப்போது ஷேவிங். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்கிற கெடுதல் இது. ஆபரேஷன் நடக்கும் இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று முந்தைய நாளே வீட்டில் ரேசரால் முடியை வழித்துவிட்டு வருவார்கள். சிலர் சலூனுக்கே போய்வருவார்கள். ரேசர் போகும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெட்டு விழும். ராத்திரி முழுக்க அந்த வெட்டுகளில் தோலின் மேலிருக்கும் கிருமி குடியேறிவிடும். காலையில் டாக்டர் கத்தி வைக்கப்போவது அந்தத் தோலில். ரேசரால் வழிப்பதே கூடாது, முடியை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் வெட்டினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே அழுத்திச் சொல்லிவிட்டது. அதை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். "ஏன் ஷேவ் பண்ணாமல் வந்தீர்கள்" என்று இன்னும் கேட்கிற ஆட்களும் சில இடங்களில் இருக்கிறார்கள், தெரியும். கேட்டால், "கிளிப்பர் போடுவீர்களா சிஸ்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். தலையில் ஆபரேஷன் என்று வடபழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட வேண்டிக்கொண்டவர்கள், அதை எப்போது செய்யலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முருகனும் பெருமாளும் காத்திருப்பார்கள்.

முந்தைய ராத்திரியும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். சாதா சோப்பும் சரி, கிருமிநாசினி சோப்பும் சரி. டாக்டர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை எழுதிக்கொடுத்திருந்தால் கண், காது, வாயில் படாமல் பயன்படுத்துங்கள். அக்குள், தொடை இடுக்கு, வயிற்று மடிப்பு, மார்புக்கு அடியில் எல்லாம் நன்றாகத் தேய்க்க வேண்டும். தொப்புளை மறக்காதீர்கள். பித்தப்பை, குடல்வால் என்று லேப்ராஸ்கோப்பி செய்தால் கேமராக் குழாயை பெரும்பாலும் தொப்புள் பக்கமாகத்தான் உள்ளே விடுவார்கள். நம் ஊரிலோ சூடு தணியும் என்று அதே தொப்புளில் எண்ணெய் வைத்துக்கொள்ளும் பழக்கம்! பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு அதில் உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் முன்பிருந்தே குளிக்கும்போது மெதுவாகச் சுத்தம் செய்துவாருங்கள், நகத்தால் சுரண்ட வேண்டாம்.

குளித்த பிறகு துவைத்த துண்டு, துவைத்த துணி. பவுடர், எண்ணெய், கிரீம், மஞ்சள் எதுவும் வேண்டாம். கோயிலுக்குப் போய்விட்டு வருவதானால் விபூதி நெற்றியோடு நிற்கட்டும், வயிற்றில் பூச வேண்டாம். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் சரியாகக் காட்டாது. அப்புறம் அரைஞாண் கயிறு. இதைக் கழற்றுவதற்குள் வார்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். பாட்டி கட்டிவிட்டது, அறுத்தால் ஆகாது என்பார்கள். தினமும் நனைந்து, காய்ந்து, வேர்வையும் அழுக்கும் ஏறிய கயிறு அது. வயிற்றில் கத்தி வைக்கப்போகும் இடத்துக்கு அரை ஜாண் தள்ளி இருக்கிறது. வீட்டிலேயே சாமி முன்னால் நின்று கழற்றி வைத்துவிட்டு வந்தால் தியேட்டர் வாசலில் கத்தரிக்கோலோடு நாங்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. புண் ஆறியதும் புதுசு கட்டிக்கொள்ளலாம். தாயத்து, கையில் கட்டிய கறுப்புக் கயிறு, மஞ்சள் கயிற்றில் இருக்கும் தாலி, மெட்டி எல்லாவற்றுக்கும் இதுதான். வாங்கி உங்கள் பையில் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று, எதையும் மறைக்காதீர்கள். சொத்தைப் பல்லில் வலி, தொடையில் ஒரு கட்டி, கால் விரலிடுக்கில் புண், சிறுநீர் போகும்போது எரிச்சல், இருமல், சளி. தேதி தள்ளிப்போய்விடுமோ என்று பயந்து நிறையப் பேர் சொல்வதில்லை. வேலைக்கு லீவு போட்டாயிற்று, ஊரிலிருந்து அக்காவை வரவழைத்தாயிற்று, இன்ஷூரன்ஸ் அப்ரூவலும் வந்தாயிற்று, எனக்குப் புரிகிறது. ஆனாலும் உடம்பின் வேறொரு மூலையில் இருக்கும் தொற்று ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், அந்த மூட்டையே திரும்ப எடுக்க வேண்டி வரலாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும், நாட்டு மருந்து, சித்த மருந்து எது சாப்பிட்டாலும் அதையும், எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தியேட்டருக்கு வெளியே படுக்க வைத்திருக்கும்போது குளிர்கிறது என்று நோயாளி சொன்னால் போர்வை கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உடம்பின் சூடு 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தொற்று வரும் வாய்ப்பு கூடும்.

அடுத்தது வார்டு. கட்டிலின் கால்மாட்டில் ஹேண்ட் ரப், அதாவது கையில் தேய்க்கும் கிருமிநாசினி, பாட்டிலில் தொங்கும். அது டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கும்தான். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், டியூப் பை, பெட்பேன், டயபர் தொட்ட பின், சாப்பாடு கொடுக்கும் முன், வெளியே போய்விட்டு வந்த பின். கை நனைய எடுத்து, விரலிடுக்கு, நகம், கட்டைவிரல் எல்லாம் 20, 30 விநாடி தேய்க்க வேண்டும். கை கண்ணுக்குத் தெரியும்படி அழுக்காக இருந்தால் அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான். பேதி ஆகிறவரைப் பார்த்துக்கொண்டாலும் அப்படியே. கை தேய்த்த அடுத்த நொடியே மொபைலை எடுப்பீர்கள். ஊரிலிருக்கும் பெரியப்பா, துபாயிலிருக்கும் மச்சான் என்று வீடியோ காலில் அந்த மொபைல் கட்டிலுக்குக் கட்டில் போகும். மொபைலைத் துடையுங்கள், அல்லது மொபைலைத் தொட்ட பிறகு இன்னொரு முறை கை தேய்த்துவிட்டு நோயாளியிடம் போங்கள்.

நீங்கள் தரையில், காரிடாரில் பாய் விரித்துப் படுக்கிறீர்கள். அது உங்கள் குற்றம் இல்லை, படுக்க வேறு இடம் இல்லை. ஆனால் காலையில் அந்தப் பாயைச் சுருட்டி நோயாளியின் கட்டிலில் வைக்காதீர்கள். சாப்பாட்டுக் கூடை, ஹேண்ட்பேக், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பை எதுவும் கட்டிலில் ஏறக் கூடாது. நீங்களும் ஏறக் கூடாது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கட்டிலில் உட்கார்ந்து, "எங்கே, தையலைக் காட்டு பார்ப்போம்" என்பார்கள். காட்ட வேண்டாம். காய்ச்சல், சளி, கண்வலி இருப்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள், சிஸ்டர் திட்டுவார்கள் என்று. அதற்காகத்தான் எங்களுக்குக் கோபக்காரிகள் என்று பெயர் இருக்கிறது.

நாங்கள் கை தேய்க்காமல் டிரெஸ்ஸிங்கைத் தொட வந்தால்? கேளுங்கள். உங்களுக்கு உரிமை உண்டு. "சிஸ்டர், ஹேண்ட் ரப் இங்கே இருக்கு" என்று பாட்டிலை நீட்டினாலே போதும், புரிந்துகொள்வார்கள். கிளவுஸ் போட்டிருந்தாலும் சரி, ஏற்கனவே பத்து இடத்தைத் தொட்ட கிளவுஸ் வெறும் கையைவிடச் சுத்தம் இல்லை. முகம் சுளிக்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். ஒரு சிஸ்டர் ராத்திரியில் எத்தனை கட்டிலைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், அந்த அவசரத்தில் மறந்துபோவதும் தெரியும். அப்படி மறக்கும்போதுதான் உங்கள் கண் உதவும்.

யூரின் டியூப் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. நடக்க வைக்கும்போது பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும். ஒவ்வொரு நாள் ரவுண்ட்ஸிலும் "டியூப் இன்னும் வேண்டுமா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்து ஏற்றக் கை நரம்பில் குத்தி வைத்திருக்கும் சின்னக் குழாய், அந்த வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்தாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பயிற்சி செய்ய மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள். அதைப் பிள்ளைகள் விளையாட வாங்கித் தரவில்லை, நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வராமல் இருக்கத் தந்திருக்கிறார்கள். எத்தனை முறை சொன்னார்களோ அத்தனை முறை இழுக்க வையுங்கள், எழுந்து நடக்கச் சொன்னால் நடக்க வையுங்கள், காலையும் ராத்திரியும் பல் தேய்க்க வையுங்கள்.

ஆன்டிபயாடிக் பற்றி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். "அஞ்சு நாளைக்கு நல்ல ஆன்டிபயாடிக்கா எழுதிக்கொடுங்க" என்று கேட்கிறீர்கள். எழுதாத டாக்டரைச் சரியில்லை என்கிறீர்கள். ஆபரேஷனுக்கான ஆன்டிபயாடிக்கில் முக்கியமான டோஸ் கத்தி வைப்பதற்கு முன்னால், இரண்டு மணி நேரத்துக்குள் போடுவது. தொற்று எதுவும் இல்லாத சுத்தமான ஆபரேஷனுக்கு அதன்பின் நாள்கணக்கில் நீட்டிப்பதால் தொற்று குறைவதில்லை, கிருமிதான் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் நம் ஊரில்தான் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சென்னைப் பிரகடனத்தைத் தயாரித்தன. 2014 மார்ச்சிலிருந்து பல ஆன்டிபயாடிக்குகளுக்குச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடையில் பதிவு செய்ய வேண்டும் என்ற கடுமையான விதியும் இருக்கிறது. அப்படியும் தெருமுனை மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டினால் கிடைத்துவிடுகிறது. வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை கொடுங்கள். எழுதவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அவசரப்படாதீர்கள். டிரெஸ்ஸிங் எப்போது பிரிக்க வேண்டும், எந்த நாளிலிருந்து தண்ணீர் படலாம், தையல் எப்போது பிரிப்பார்கள், ராத்திரியில் ஏதாவது என்றால் எந்த நம்பர். இந்த நான்குக்கும் பதில் வாங்காமல் ஆட்டோவில் ஏற வேண்டாம். பெரும்பாலான காயங்களில் 48 மணி நேரத்துக்குப் பிறகு மேலோடு தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம், ஆனால் உங்களுக்கு டாக்டர் சொன்னதுதான் கணக்கு. ஊற வைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்த சம்ப் என்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கடைசியாக ஊற்றிக்கொள்ளலாம். டிரெஸ்ஸிங் ஈரமானால் மாற்ற வேண்டும், காயட்டும் என்று ஃபேனுக்கு அடியில் உட்கார வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வேர்வையில் சிசேரியன் ஆனவர்கள் படும் பாடு தனி. வயிறு தொய்ந்து மடிந்து தையலை மூடிக்கொள்ளும், அந்த இடுக்கில் வேர்வை நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றிக் காற்று பட விடுங்கள். பாவாடை நாடா சரியாகத் தையல் மேல் உட்காரும், அதனால் தளர்ந்த நைட்டிதான் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் காலில் ஆபரேஷன் ஆனவரை அதில் இறக்கவே கூடாது. அது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி, பவுடர், காபித்தூள், யாரோ கொடுத்த பச்சிலை, இவை எதுவும் தையல் மேல் படக் கூடாது. மஞ்சள் கிருமிநாசினி இல்லையா என்று கேட்பீர்கள். சமையலறை டப்பாவில் ஸ்பூன் போட்டுப் போட்டு எடுத்த மஞ்சள்தூள் கிருமி இல்லாத பொருள் அல்ல. அதைக் குழம்பில் போடுங்கள்.

குழம்பு என்றதும் பத்தியம் ஞாபகம் வருகிறது. பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், மீன் கூடாது, கத்திரிக்காய் கரப்பான், புளி ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் ரசம் சாதமும் பிரெட்டும் மிஞ்சும். வாரக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டு, தையல் கூடாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புண் ஆறுவது புரதத்தால். கிருமியோடு போராடும் அணுக்களுக்கும் அதுதான் சாப்பாடு. பருப்பால் சீழ் வைக்காது, கிருமியால்தான் சீழ் வைக்கும். டாக்டர் குறிப்பாக வேண்டாம் என்று சொல்லாதவரை முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பால், தயிர் எல்லாம் கொடுங்கள். கொய்யா, நெல்லிக்காய் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால், டிஸ்சார்ஜ் அன்றே டாக்டர் வாயால் அவருக்கு எதிரில் சொல்ல வைத்துவிடுங்கள். எந்தத் தொற்றுத் தடுப்புக் கூட்டத்திலும் சொல்லித்தராத உத்தி, வேலை செய்யும்.

தினமும் ஒரே வெளிச்சத்தில் தையலை மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அதில் தெரிந்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், ஆளுக்கொரு வைத்தியம் வரும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறினால், சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், வீங்கினால், மஞ்சளாகவோ கலங்கலாகவோ நீர் கசிந்தால், நாற்றம் வந்தால், தையல் விட்டால், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் ரிவியூ தேதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். பக்கத்துத் தெரு கம்பவுண்டரிடம் காட்டிப் பிதுக்கி எடுக்காதீர்கள், தையலையும் அவரிடம் பிரிக்காதீர்கள். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் மருத்துவ ஆலோசனைக்கான 104க்குப் போன் செய்து கேட்கலாம். மூச்சுத்திணறல், மயக்கம், பிதற்றல் என்றால் யோசிக்காமல் 108.

போனில் பேசும்போது "புண்ணு ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் ராத்திரி டூட்டியில் இருக்கும் சிஸ்டருக்கு ஒன்றும் புரியாது. என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த யூனிட், இன்று எத்தனையாவது நாள், காய்ச்சல் எவ்வளவு, என்ன கசிகிறது, சுகர் உண்டா. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி,
சென்னை